உடுப்புக் கொடியில் ஒரு சாரம்

2004ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊர்காவற்றுறையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. சண்டை நின்று, பாதை திறந்து, தீவுப்பகுதிக்கு ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக் நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை. கடலை நம்பிப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்துக்கு ஒரு வருடம் பஸ்ஸில் போய்வந்து கணினி டிப்ளோமாவும் முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழுக்கு அம்மா கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருகிற எவரும் அதை வாசிக்காமல் திரும்ப முடியாது.

எனக்கும் அப்போது தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைத்தான் எழுதுகிறேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அந்த அலுவலகத்தில் ஒரு மூத்த தாதி இருந்தார். எல்லோரும் அவரை மிஸி என்றே கூப்பிடுவோம். தீவுகளிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு தீவுக்கும் போவார். போகுமுன் அட்டைகளை மேசையில் பரப்பி, யாருக்கு எந்தத் தடுப்பூசி என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொள்வார். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அந்தந்தத் தீவுக்கு அனுப்பி, அதிலுள்ள தாய்மாரை வரச்சொல்வார். இதற்கு அவருக்கு முழுதாக இரண்டு நாள் பிடிக்கும்.

கணினி செய்தால் இரண்டு நிமிடம். அதற்குத்தானே என்னை எடுத்தார்கள்! கணினி வந்து சேர்ந்தது. மென்பொருள் வாங்க வழியில்லை. ஆனால் உலகில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டிருக்கும் திறந்த மூல மென்பொருட்கள் பற்றி டிப்ளோமாவில் படித்திருந்தேன். கிளினிக்குக்கென்றே அப்படி இரண்டு இருந்தன. எது நல்லது என்று பார்க்க யாழ்ப்பாணப் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த இன்ரநெற் கடைக்குப் போனேன்.

முதலாவதின் பக்கம் கண்ணைப் பறித்தது. நீல நிறம், சிரிக்கும் குழந்தைகளின் படங்கள், "தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று பெரிய எழுத்து, உரையாடல் பகுதியில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் என்று ஓர் எண். எல்லாவற்றுக்கும் மேலே அன்றைய திகதி. அதற்குக் கீழே, "இந்தப் பக்கம் இன்று புதுப்பிக்கப்பட்டது." மறுமுறை போனபோதும் பார்த்தேன். அன்றைய திகதிதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறார்கள்! இரண்டாவதின் பக்கமோ சாம்பல் நிறத்தில் சீமெந்துச் சுவர் மாதிரி இருந்தது. படம் ஒன்றுமில்லை. கடைசிப் பதிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல். செத்துப்போனது என்று முடிவுகட்டினேன். பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

நீலத்தை இறுவட்டில் பதிந்துகொண்டு ஊருக்கு வந்தேன். அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்ற அந்த வருடக் கடைசி ஆகிவிட்டது. ஏற்றி முடித்த அன்று மிஸியின் மரப்பெட்டியை நானே தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

"இனிப் புதுசா காட் எழுதத் தேவையில்லை மிஸி."

"ஓம் பிள்ளை. உது செத்துப்போச்செண்டா ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"சாகாது மிஸி. ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டிருக்கினம். நான் பாத்தனான்."

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டியைக் கழுவப் போனார்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் இருந்தது. பட்டியலில் இல்லாத ஓரிரு தாய்மார் வந்தார்கள். பட்டியலில் இருந்த சிலர் வரவில்லை. தாய்மார்தான் நாளை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். கணினி பிழைவிடாது, படிக்காத சனம்தான் பிழைவிடும் என்று மனதுக்குள் எண்ணம். என் அம்மாவும் அந்தச் சனம்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்ச் மாத நெடுந்தீவுக் கிளினிக்குக்கு நானும் மிஸியோடு போனேன். குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடலில் ஆடி, தலைசுற்றலோடு இறங்கினால், வரிசையின் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றார். அவரைப் பட்டியலில் காணவில்லை. கூப்பிடாமலே தானாக நாளெண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். தீவின் மறுகரையிலிருந்து அந்த வெயிலில் நடந்து வந்தவர். கிளினிக்கிலும் ஒரு கணினி இருந்ததால் இறுவட்டில் கொண்டுபோயிருந்த பதிவைத் திறந்து தேடினேன். பிள்ளையின் பெயர் இருந்தது. பிறந்த திகதியும் சரியாக இருந்தது. ஜனவரி எட்டு. ஆனால் முதல் ஊசிக்குரிய மாதம் ஒக்டோபர் என்று காட்டியது.

"உங்கட பிள்ளைக்கு இப்ப இல்லை அக்கா. ஒக்டோபரிலதான்" என்றேன். யோசிக்காமல் வாசித்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மாசத்தில ஊசி எண்டு மிஸிதானே சொன்னவ. ஒக்டோபர் எண்டால் என்ர பிள்ளை இன்னும் பிறக்கேல்லையோ தங்கச்சி?"

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "பெத்தது நீயோ, உந்தப் பெட்டியோ எண்டு கேளடி!" என்று கத்தினார். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் தாய்மாருக்குக் கொடுக்கும் அட்டை அந்தப் பெண்ணின் கையில் இருந்தது, மிஸி அதை வாங்கிப் பார்த்தார். பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. ஆனால் எண்ணிக் கொண்டுபோன மருந்து பட்டியலில் இருந்தவர்களுக்கே மட்டுமட்டாக இருந்தது. அன்று அந்தத் தாயையும் இன்னும் சிலரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். அடுத்த கிளினிக் ஏப்ரல் கடைசியில்தான். கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை.

திரும்பி வரும்போது படகில் மிஸி வெறும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டில் ஒரு கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு, பிழையாக வந்த பிள்ளைகளின் பிறந்த திகதிகளை வரிசையாக எழுதினேன். இரண்டு நாள் முறைத்துப் பார்த்தபிறகு பிடிபட்டது. எல்லோரும் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பிறந்தவர்கள். பட்டியல் போடும்போது மென்பொருள் நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் எடுத்துக்கொள்கிறது. ஜனவரி எட்டில் பிறந்த பிள்ளையை ஓகஸ்ட் முதலாம் திகதி பிறக்கப்போகிற பிள்ளையாக எண்ணுகிறது. பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் குழப்பமில்லை. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே! அதனால்தான் பெரும்பாலான பெயர்கள் சரியாக வந்து, எங்களை நம்பவைத்து, மிச்சப் பிள்ளைகளை விழுங்கியிருக்கிறது.

கண்டுபிடித்ததும் எனக்குத் திரும்பவும் தலை நிமிர்ந்துவிட்டது. பிழை இன்னதென்று எழுதியனுப்பினால் அவர்கள் ஒரே நாளில் திருத்திவிடுவார்கள், அவ்வளவுதானே. மிஸி பெட்டியை இறக்குவோம் என்றார். நான் மறித்தேன்.

"நெடுந்தீவுக்குப் போக இன்னும் ஒரு மாசம் இருக்கு மிஸி. அதுக்குள்ள மறுமொழி வரும்."

சனிக்கிழமை பஸ் ஏறினேன். அல்லைப்பிட்டிச் சோதனைச் சாவடியில் இறங்கி, நடந்து, பையைத் திறந்துகாட்டி, மறுபடி ஏறி, யாழ்ப்பாணம் போய்ச் சேர, இன்ரநெற் கடையில் வெளிநாட்டுக்குக் கதைக்க வந்தவர்களின் வரிசை. என் முறை வந்ததும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பிழையை விளங்கப்படுத்தி, உதாரணம் கொடுத்து, மரியாதையாக முடித்தேன். பக்கத்தில் அன்றைய திகதி நின்றது. இன்று புதுப்பிக்கப்பட்டது. ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை போனேன். மறுமொழி இல்லை. திகதி மட்டும் புதிது.

இவ்வளவு வேலை செய்கிறவர்கள் ஏன் எனக்கு மட்டும் எழுதவில்லை? என் ஆங்கிலம்தான் பிழை என்று நினைத்தேன். டிப்ளோமாவில் படிப்பித்த ஒருவரைத் தேடிப்போய்த் திருத்துவித்து இரண்டாம் கடிதம் போட்டேன். அடுத்த கிழமையும் ஒன்றுமில்லை. இம்முறை மன்னிப்புக் கேட்டு மூன்றாம் கடிதம் எழுதினேன். எதற்கு மன்னிப்பு? எனக்கே தெரியாது. தங்களுடைய பிழையைக் காட்டித்தந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்!

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒவ்வொரு திங்களும் ஒரே பூசை. நான் படியேறும்போதே மிஸி கேட்பார்.

"என்ன பிள்ளை, உம்மட வெள்ளைக்காரன் வாய் திறந்தவனோ?"

"இல்லை மிஸி. ஆனா வேலை நடக்குது. இண்டைய திகதி போட்டிருக்கினம்."

"திகதி என்ர கலண்டரும் காட்டும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. மருந்துப் பெட்டிக்கு மேலே கலண்டரைத் தொங்கவிட்டு வாழ்கிறவருக்கு மென்பொருள் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நானே திறந்து திருத்தவும் பார்த்தேன். திறந்த மூலம்தானே! ஆயிரக்கணக்கான வரிகள். எனக்குத் தெரியாத மொழி. என்ஜினைத் திறந்து பார்க்க விடுவார்கள் என்பதற்காக எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடமுடியாது.

நான்காம் சனிக்கிழமை. நெடுந்தீவுக் கிளினிக்குக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கடையில் நல்ல கணினிகளில் எல்லாம் ஆட்கள். கடைக்கார அண்ணை மூலையிலிருந்த ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். வேறு வழியில்லை. நீலப் பக்கத்தைத் திறந்தேன். அது மெதுமெதுவாக மேலிருந்து கீழே இறங்கி வந்தது. முதலில் வந்தது திகதி.

1998 ஜனவரி 1. இந்தப் பக்கம் இன்று புதுப்பிக்கப்பட்டது.

மூடிவிட்டுத் திறந்தேன். அதேதான்.

"அண்ணை, இதில ஏன் தொண்ணூற்றெட்டு எண்டு காட்டுது?"

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்த மெசினில பற்றறி செத்துப்போச்சு தங்கச்சி. கரண்ட் போய் வந்தா அது பழையபடி தொண்ணூற்றெட்டுக்குப் போயிடும். இன்ரநெற் வேலை செய்யும், பயப்பிடாதையும்."

நான் பயப்படவில்லை. கணினியின் மணிக்கூட்டைத் திறந்து நான் பிறந்த நாளைப் போட்டேன். பக்கத்தைத் திரும்ப அழைத்தேன். நான் பிறந்த அன்று இந்தப் பக்கம் புதுப்பிக்கப்பட்டதாக எழுதியிருந்தது. 2020 என்று மாற்றினேன். 2020இல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அந்தத் திகதியை அங்கே எவரும் எழுதவில்லை. பார்க்க வருகிறவரின் கணினியில் என்ன திகதியோ, அதையே அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறது. இத்தனை மாதமும் நான் எனக்கே திகதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மூலையில் இருந்தபடியே எனக்கு ஒரு சாரம் நினைவுக்கு வந்தது.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மாவுக்கு ஒரு வேலை இருந்தது. பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு பெரிய வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். ஆளில்லாத வீடென்று தெரிந்தால் அந்த நாட்களில் கதவும் மிஞ்சாது, யன்னலும் மிஞ்சாது, கூரை ஓடும் மிஞ்சாது. ஆகவே ஆள் இருப்பது போலக் காட்டுவதுதான் அம்மாவின் வேலை. கிழமைக்கொருமுறை முற்றம் கூட்டுவார். வெளிவாசல் படலையைத் திறந்து மூடுவார். வாசலில் ஒரு சோடி செருப்பு. உடுப்புக் கொடியில் ஆண்பிள்ளை இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று. அந்தச் சாரத்தை இடம் மாற்றித் திருப்பிப் போடுவது என் பொறுப்பு. ஒருமுறை யாரோ ஒருவர் படலையில் நின்று, "ஐயா நிக்கிறாரோ?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் எனக்கு அப்படியொரு துணிச்சல். "ஐயா குளிக்கிறார்" என்றேன். அந்த மனிதர் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு அரைமணித்தியாலம் காத்துநின்றார். பிறகு, தான் வந்து கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கிணற்றடியை எட்டிப் பார்த்திருந்தால் போதும். கயிறு காய்ந்து முறுகிக் கிடந்தது. கப்பி துருப்பிடித்திருந்தது. ஐயா ஒரு வாளி தண்ணீர் அள்ளி எத்தனை வருடமோ!

பொய்க்குச் சாரம் போடத் தெரிந்த நான், மற்றவர் போட்ட சாரத்தைப் பார்த்துப் படலையில் ஒரு மாதம் காத்துநின்றிருக்கிறேன். மூன்று கடிதம் வேறு.

அன்றைக்குத்தான் நான் நீலப் பக்கத்தின் முற்றத்தை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். உரையாடல் பகுதியில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் என்றிருந்ததைத் திறந்தால், முக்கால்வாசியும் மாத்திரை விளம்பரமும் கைக்கடிகார விளம்பரமும். அவற்றுக்கிடையில் எங்கெங்கோ தேசத்துக் கிளினிக்குகளிலிருந்து என்னைப்போன்றவர்கள் எழுதிய கேள்விகள். எனக்கு முன்னரே இரண்டு பேர் இதே திகதிப் பிழையை எழுதியிருந்தார்கள். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. என் மூன்று கடிதங்களும் அங்கேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. பிறகு உள்ளே என்னென்ன திருத்தப்பட்டது என்ற பட்டியலைத் தேடிப் பிடித்தேன். கடைசித் திருத்தம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல். எல்லாத் திருத்தத்திலும் ஒரே ஒருவரின் பெயர். அவருடைய கடைசிக் கடிதத்தில், பரீட்சை வருகிறது, முடிந்ததும் திரும்பி வருவேன் என்றிருந்தது.

அதன்பிறகு சாம்பல் நிறத்துக்குப் போனேன். நான் செத்தது என்று தள்ளிவிட்டு வந்த அதே பக்கம். முற்றத்தில் இன்னமும் ஒன்றுமில்லை. கடிதப் பகுதிக்குள் போனால், கடைசிக் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. அதற்குள் சண்டை. ஒருவர் ஒரு திருத்தத்தைச் செய்திருக்கிறார், மற்றவர் அது சரியில்லை என்கிறார், மூன்றாமவர் இருவரையும் ஏசுகிறார். புதிய பதிப்பு வராவிட்டாலும் கிழமைக்குக் கிழமை சின்னச் சின்னத் திருத்தங்கள், வேறு வேறு பெயர்களில். கயிறு ஈரமாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு கடிதம் போட்டேன். இம்முறை அகராதியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நீலத்தில் இந்தப் பிழை இருக்கிறது, உங்களுடையதில் இருக்கிறதா, என் பிள்ளைகளின் பெயர்களை அங்கிருந்து இங்கே கொண்டுவர ஏலுமா என்று நான்கு வரி. பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மறுமொழி வந்திருந்தது.

அது நல்ல பேச்சு அல்ல. கேள்வி கேட்கும்போது எந்தப் பதிப்பு என்று எழுதத் தெரியாதா, பழைய கடிதங்களைத் தேடிப் பார்க்காமல் ஏன் எழுதுகிறீர், இந்தத் திகதிப் பிழை எங்களிடமும் இருந்தது, போன வருடமே திருத்தியாயிற்று என்று எரிந்து விழுந்திருந்தார். கடைசியில் ஒரே வரியில், பெயர்களைக் கொண்டுவரும் வழி இங்கே இருக்கிறது என்று ஓர் இணைப்பு.

முன்பின் தெரியாத ஒருவர் என்னை ஏசியதற்கு நான் கதிரையில் இருந்து சிரித்தது அந்த ஒருமுறைதான். கடைக்கார அண்ணை, "என்ன தங்கச்சி, விசா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

ஆனால் ஐந்து நாளில் எல்லாவற்றையும் மாற்ற ஏலாது. திங்கட்கிழமை மிஸியின் முன்னால் போய் நின்றேன். அவர் வழமையான கேள்வியைக் கேட்கமுன்னரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சுருவில் வீடு, சாரம், படலையில் நின்ற மனிதர் எல்லாவற்றையும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அந்தச் சாரத்துக்கோ பிள்ளை, நீர் மூண்டு காயிதம் எழுதினீர்?"

மிஸி சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "சரி, பெட்டியை இறக்கும்" என்றார்.

நானே ஏற்றிய பெட்டியை நானே இறக்கினேன். முதல் பன்னிரண்டு நாட்களில் பிறந்த நெடுந்தீவுப் பிள்ளைகள் எல்லோரையும் கணினியிலிருந்து பிரித்தெடுத்தேன். அட்டை இருந்தவர்களை அட்டையோடு ஒப்பிட்டோம். என் பேச்சைக் கேட்டு அட்டை எழுதாமல் விட்ட புதுப் பிள்ளைகளுக்கு மிஸி வெற்று அட்டைகளைத் தந்தார், நான் எழுதினேன். ஒவ்வொரு ஊசியையும் விரலில் எண்ணினோம். முழுதாக இரண்டு நாள் பிடித்தது. என் கையெழுத்து கோணல் என்று மிஸி ஒவ்வோர் அட்டைக்கும் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன். புதுப் பட்டியலை முதல் படகில் அனுப்பினோம்.

அந்த வியாழன் கடல் அடங்கியிருந்தது. நெடுந்தீவில் இறங்கியபோது வரிசை முன்னையதைவிட நீளம். ஒவ்வொரு தாயும் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றிய தன் பிள்ளையின் அட்டையோடு நின்றார். எத்தனை இடம்பெயர்விலும் நனையாமல் வந்த பைகள். அவற்றிலுள்ள திகதிகளைத்தான் நான் பிழை என்று சொல்லியிருந்தேன். மார்ச்சில் திரும்பிப்போன அந்தப் பெண்ணும் வந்திருந்தார். மேசைக்குக் கிட்ட வந்து, பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கெண்டாலும் என்ர பிள்ளை பிறந்திட்டுதோ?"

"பிறந்திட்டுது அக்கா. ஜனவரி எட்டு. நான்தான் பிழையாச் சொன்னனான்."

அந்த வசனத்தைச் சொல்ல எனக்கு ஒரு மாதமும் நான்கு பஸ் பயணமும் பிடித்திருக்கின்றன. அவர் பிள்ளையின் சட்டையைத் தளர்த்தினார். பிள்ளை ஊசிக்கு வீரிட்டு அழுதது. அன்று மருந்து எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

சாம்பல் மென்பொருளுக்கு முழுதாக மாற இன்னும் இரண்டு மாதம் சென்றது. அந்த எரிந்து விழுகிற மனிதரிடம் பிறகும் பலமுறை ஏச்சு வாங்கினேன். நீலப் பக்கத்தின் உரையாடல் பகுதியில், மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவில், இந்த வீட்டில் யாருமில்லை, காத்து நிற்கவேண்டாம் என்று ஒரு கடிதமும் எழுதிவைத்தேன். பரீட்சைக்குப் போன அந்த மனிதர் மேல் எனக்குக் கனகாலம் கோபம் இருந்தது. போனது பற்றி அல்ல. எங்கள் தீவில் எல்லாரும்தான் ஒரு மாதத்தில் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். வர முடியாமல் போவது எவருக்கும் நடக்கும். ஆனால் படலையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வரி போதும்.

2006இல் சண்டை மூண்டு தீவுப்பகுதி மறுபடி கெட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்களும் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டி வந்தது. அலுவலகமும் மூடுவதாகச் சொன்னார்கள். கடைசி நாள் அந்தக் கணினியைத் திறந்தால் முதலில் தெரியும்படி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். இன்று முதல் இந்தப் பதிவுகளை யாரும் பார்ப்பதில்லை, இதற்குப் பிறகு வரும் பட்டியலை நம்பவேண்டாம், பிள்ளைகளின் அட்டைகள் தாய்மாரிடமும் மிஸியிடமும் இருக்கின்றன என்று. அன்றைய திகதியையும் என் கையாலேயே அடித்தேன். தானாக மாறாத திகதி.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மூட்டைகளைக் கட்டி முடித்திருந்தார். படலையைச் சாத்துமுன், நெடுநாள் பழக்கத்தில், அப்பாவின் சாரமொன்றை உதறி எங்கள் கொடியில் போட்டார். வீட்டைக் காப்பாற்ற அம்மா அந்தப் பொய்யைச் சொல்லத்தான் வேண்டும். நான் விட்டுவந்தது பிள்ளைகளின் பட்டியல், அதற்குச் சாரம் போட எனக்கு உரிமையில்லை.

இப்போது நகரத்தில் வேறு வேலை, வேறு மென்பொருட்கள். எதை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வியை எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். யாராவது எரிந்து விழுந்தால் நிம்மதி. ஆனால் அந்த வருடத்திலிருந்து என்னோடு இருப்பது வேறொன்று: ஒன்றைப் பார்த்துக்கொள்வது என்றால், இனிப் பார்த்துக்கொள்ள முடியாத நாளில் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவதும்தான்.